ஐந்து கையொப்பங்கள்: யுத்தத்தால் பெயர்ந்த குடும்பத்துக்கு உதவும் முறை

யுத்தம் தேசங்களுக்கிடையே நடப்பதாகச் சரித்திர நூல்கள் எழுதினாலும், அதன் பாரம் கடைசியில் வந்து இறங்குவது குடும்பம் என்ற சிறிய அமைப்பின் தோள்களில்தான். வீழ்ந்த அரசுக்குப் பதிலாக வேறோர் அரசு எழுகிறது. உடைந்த பாலத்தை இன்ஜினீயர்கள் மீண்டும் கட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரே இரவில் வீட்டைப் பூட்டிவிட்டு, வயோதிகத் தாயையும் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, பாஷை புரியாத ஒரு ராஜ்யத்தின் எல்லையில் வந்து நிற்கும் குடும்பத்தின் பழைய வாழ்க்கையை எந்த நஷ்டஈடும் திருப்பித் தந்துவிடாது. அத்தகைய குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்பதில் நல்லவர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. எந்த முறையில் உதவினால் அந்த உதவி பாதியில் தளராமலும், பெறுகிறவரைத் தாழ்த்தாமலும் கடைசி வரை செல்லும் என்பதே ஆராய்ச்சிக்கு உரிய விஷயம்.

இதற்கு மூன்று பெரிய உதாரணங்கள் நம் கண்முன் இருக்கின்றன: 1914இல் பெல்ஜியத்திலிருந்து பிரிட்டனுக்கு ஓடிவந்தவர்கள், 1979இல் இந்தோசீனத்திலிருந்து கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள், 2022இல் உக்ரைனிலிருந்து ஐரோப்பா எங்கும் பரவியவர்கள். இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. தயை எவ்வளவு உயர்ந்ததானாலும், அது ஒரு தனிமனிதரின் மனநிலையை மட்டும் ஆதாரமாகக் கொண்டிருந்தால் சில மாதங்களுக்குள் களைத்துவிடுகிறது. அதே தயை, பலர் சேர்ந்து ஏற்கும் கடமையாகவும், காலவரையறை உள்ள ஒப்பந்தமாகவும், அரசின் பங்கோடு இணைந்த சட்டமாகவும் உருப்பெறும்போது, ஒரு குடும்பத்தை மறுபடி வேரூன்றச் செய்யும் வலிமையை அடைகிறது.

விருந்தினர் அறையின் அனுபவம்

1914 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானியப் படைகள் பெல்ஜியத்துக்குள் புகுந்தன. அக்டோபரில் ஆண்ட்வெர்ப் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கானவர்கள் ஹாலந்துக்கும் பிரான்ஸுக்கும் ஓடினார்கள். யுத்தம் முடிவதற்குள் ஏறக்குறைய 2,50,000 பேர் கடலைக் கடந்து பிரிட்டன் சேர்ந்தார்கள். லேடி லுகார்டு முதலியோர் ஆகஸ்டு மாதத்திலேயே யுத்த அகதிகள் கமிட்டி ஒன்றை லண்டனில் ஸ்தாபித்தார்கள். செப்டம்பரில் அரசாங்கமே தேசத்தின் சார்பில் அவர்களை விருந்தினராக ஏற்பதாக அறிவித்தது. நாடெங்கும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உள்ளூர்க் கமிட்டிகள் தோன்றின. தமிழ் வாசகர்களும் அறிந்த துப்பறிவாளரான எர்க்யூல் புவாரோவை அகதா கிறிஸ்டி தம் முதல் நாவலில் ஒரு சீமாட்டியின் தர்மத்தால் குடியமர்ந்த பெல்ஜிய அகதியாகவே அறிமுகம் செய்கிறார் என்பதை நினைத்தால், அந்தக் காட்சி அன்றைய ஆங்கிலக் கிராமங்களில் எவ்வளவு சகஜமாக இருந்தது என்பது விளங்கும்.

அந்த உற்சாகம் உண்மையானது. ஆயினும் அது, யுத்தம் கிறிஸ்துமஸுக்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது. மாதங்கள் நீண்டபோது, தேநீர் குடிக்கும் வீட்டில் காபிக்கு ஏங்கியவர்களும், ஒரே சமையலறையை இரண்டு குடும்பத்து ஸ்திரீகள் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்ததால் உண்டான மனக்கசப்பும், வேலை தேடினால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியைக் கெடுப்பதாகவும் தேடாவிட்டால் சோம்பேறி என்றும் கேட்க நேர்ந்த வசையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தன் வீட்டின் ஓர் அறையைக் கொடுத்தவர், முடிவு தெரியாத ஒரு கடமையைத் தனியாகச் சுமந்தார். அந்த அறையைப் பெற்றவர், காலை எழுந்தது முதல் இரவு விளக்கணைக்கும் வரை நன்றியுள்ளவராகத் தோன்ற வேண்டிய கட்டாயத்தில் வாழ்ந்தார். இரண்டுமே மனித சுபாவத்தால் நெடுநாள் தாங்க முடியாத பாரங்கள்.

மறுபுறத்தில், டர்ஹம் மாவட்டத்தில் பர்ட்லி என்ற ஊருக்கருகே, வெடிகுண்டுத் தொழிற்சாலையில் உழைத்த பெல்ஜியர்களுக்காக எலிசபெத்வில் என்ற தனிக் குடியிருப்பே எழுந்தது. ஏறத்தாழ 6,000 பேர் வசித்த அவ்விடத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடம், மாதாகோயில், ஆஸ்பத்திரி எல்லாம் அவர்கள் மொழியிலேயே நடந்தன. ஆனால் அங்கே அவர்களுடைய நாட்டின் ராணுவச் சட்டமும் போலீஸும் கூடவே இருந்தன. ஓய்வு நேரத்தில் சாதாரண உடை அணிவதற்குக்கூட இருந்த தடையை எதிர்த்து 1916 டிசம்பரில் கலகம் மூண்டது. ஆக, விருந்தினர் அறையில் அண்மை இருந்தது, சுதந்திரம் குறைந்தது. குடியிருப்பில் சொந்த மொழி இருந்தது, சுற்றுப்புறத்தோடு கலக்கும் வழி அடைபட்டது. யுத்தம் முடிந்ததும் பெரும்பாலோர் வெகு விரைவில் தாய்நாடு திரும்பிவிட்டபடியால், இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மார்க்கம் உண்டா என்ற கேள்வி அப்போது விடையின்றியே நின்றுவிட்டது.

கடலில் மிதந்தவர்களும் ஒரு சட்டமும்

அந்த மார்க்கம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு கனடாவில் உருவாயிற்று. 1975 ஏப்ரல் 30ஆம் தேதி சைகோன் வீழ்ந்ததைத் தொடர்ந்து வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளிலிருந்து ஜனங்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 1978ஆம் ஆண்டின் இறுதியில் அந்த வெளியேற்றம் பெருவெள்ளமாயிற்று. சுமார் 2,500 பேரை ஏற்றிக்கொண்டு வந்த ஹாய் ஹாங் என்ற பழைய சரக்குக் கப்பலை, மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே கரையிறங்க விடாமல் நிறுத்தி வைத்தபோது, அந்தக் காட்சி உலகெங்கும் தொலைக்காட்சியில் தெரிந்தது. மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பீடோங் என்ற சிறு தீவில், 1979ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஏறத்தாழ 40,000 பேர் தகரத்தாலும் பலகையாலும் ஆன குடிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கனடாவிடம் அப்போது ஒரு புதிய கருவி கையில் இருந்தது. 1976இல் இயற்றப்பட்டு 1978 ஏப்ரலில் அமலுக்கு வந்த குடியேற்றச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய பிரஜைகளோ நிரந்தர வாசிகளோ ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து கையொப்பமிட்டால், ஓர் அகதிக் குடும்பத்தின் பொறுப்பை ஏற்கலாம் என்று அனுமதித்தது. தர்ம ஸ்தாபனங்களும் சபைகளும் அப்படியே செய்யலாம். 1979 மார்ச்சில் மென்னனைட் கிறிஸ்தவர்களின் மத்தியக் கமிட்டி அரசாங்கத்தோடு முதல் பொது உடன்படிக்கையைச் செய்துகொண்டது. அந்தச் சமூகத்தாரில் சுமார் 20,000 பேர் 1920களில் சோவியத் ரஷ்யாவிலிருந்து கனடாவுக்கு வந்தவர்கள். கனேடியன் பசிபிக் ரயில்வே கடனாகக் கொடுத்த பயணச் செலவைப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து 1940களில் தீர்த்தவர்கள். பிறரிடம் தாங்கள் பெற்ற உபகாரத்தின் நினைவே அவர்களை முதலில் கையொப்பமிடச் செய்தது என்று கொள்வது பொருந்தும்.

அந்தக் கோடைகாலத்தில் நடந்தவை விரைவான நிகழ்ச்சிகள். டொராண்டோவில் யார்க் சர்வகலாசாலையின் தத்துவப் பேராசிரியர் ஹோவர்டு அடெல்மன் தம் வீட்டில் கூட்டிய அயலார் கூட்டத்திலிருந்து ‘ஆபரேஷன் லைஃப்லைன்’ என்ற இயக்கம் தோன்றிச் சில வாரங்களில் நாடெங்கும் கிளைவிட்டது. ஒட்டாவா நகரின் மேயர் மேரியன் டூவர், அந்த ஒரு நகரமே 4,000 பேரை ஏற்கும் என்று திட்டமிட்டு அழைத்த பொதுக்கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஜூலை 18ஆம் தேதி ஜோ கிளார்க்கின் அரசாங்கம், 1980 முடிவதற்குள் 50,000 பேரை ஏற்பதாக அறிவித்தது. ஜனங்கள் பொறுப்பேற்கும் ஒவ்வோர் அகதிக்கும் அரசாங்கம் மற்றோர் அகதியை ஏற்கும் என்பது அந்த அறிவிப்பின் உயிர்நாடி. யூத அகதிகளுக்கு 1930களில் கனடா கதவடைத்த வரலாற்றை இர்விங் அபெல்லா, ஹெரால்டு ட்ரோப்பர் என்ற இரு சரித்திர ஆசிரியர்கள் ஆராய்ந்து எழுதிய கட்டுரை, அச்சமயத்தில் குடியேற்ற மந்திரி ரான் ஆட்கியின் கைக்கு எட்டியது. அவ்வித அவப்பெயர் தம் காலத்தில் வரக்கூடாது என்ற எண்ணம் அவருடைய தீர்மானத்தில் இருந்தது. எதிர்ப்பும் இல்லாமலில்லை. அகதிகள் அதிகமாக வருகிறார்கள் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்த அமைப்பும் உண்டு. கருத்துக் கணிப்புகளில் அதற்கு ஆதரவும் தெரிந்தது. நாடு முழுவதும் ஒரே மனதாக இருந்ததால் அல்ல, மனமிருந்தவர்கள் உடனே செயல்படச் சட்டம் இடம் கொடுத்ததால் அந்தக் காரியம் நடந்தது.

ஓராண்டுப் பொறுப்பு

அந்தக் கையொப்பத்தின் அர்த்தம் என்ன என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். முகாமிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் தனி விமானங்களில் எட்மன்டன் நகரின் கிரீஸ்பாக் ராணுவ முகாமிலோ மான்ட்ரியால் நகரின் லாங் புவாண்ட் ராணுவ முகாமிலோ வந்து இறங்கின. அங்கே மருத்துவப் பரிசோதனையும் பத்திர வேலைகளும் நடந்தன. ரப்பர்ச் செருப்போடும் மெல்லிய பருத்திச் சட்டையோடும் உஷ்ணதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு, அளவு பார்த்துப் பஞ்சடைத்த கோட்டும், கையுறையும், பனியில் நடக்கும் பூட்ஸும் கொடுத்தார்கள். ஓரிரு நாளுக்குப் பிறகு அவர்கள் புறப்பட்டுப் போன ஊரில், பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு அந்நியர்கள் காத்திருந்தார்கள்.

அந்த அந்நியர்கள் தங்கள் வீட்டைத் திறந்துவிடவில்லை. பெரும்பாலும், வேறோர் இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கட்டிலும் மேஜையும் பாத்திரங்களும் சேர்த்து, சாவியை அக்குடும்பத்தின் கையில் கொடுத்தார்கள். ஓராண்டு வரையில், அல்லது குடும்பம் அதற்கு முன்பே தானாகச் சம்பாதிக்கத் தொடங்கும் வரையில், வாடகை, உணவு, உடை ஆகியவற்றின் செலவு குழுவைச் சேர்ந்தது. ஒருவர் கணக்கைப் பார்ப்பார். ஒருவர் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார். மற்றொருவர் பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வார். வேறொருவர் எந்த பஸ் எங்கே போகும், வீட்டின் வெப்பத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது, ரசீதை ஏன் பத்திரப்படுத்த வேண்டும் என்பதைக் கையைக் காட்டியும் படம் வரைந்தும் விளக்குவார். அரிசியும் மீன் சாறும் கிடைக்கும் கடை எது என்று தேடி அறிந்துகொண்ட குழு, அலமாரி நிறைய ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அடுக்கி வைத்த குழுவைவிட அந்தக் குடும்பத்தின் மனதுக்கு விரைவில் நெருங்கியது.

ஐந்து பேர் என்ற விதியில் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. ஒருவருக்கு நோய் வந்தாலும் வேலை மாறினாலும் உற்சாகம் குன்றினாலும் மற்ற நால்வர் இருக்கிறார்கள். அகதியும் ஒருவரிடமே எல்லாவற்றையும் கேட்டுக் கூசிப்போக வேண்டியதில்லை. அதுபோலவே ஓராண்டு என்ற எல்லை கொடுப்பவரைக் களைப்பிலிருந்தும், பெறுபவரை என்றும் கடன்பட்டவர் என்ற உணர்ச்சியிலிருந்தும் காப்பாற்றுகிறது. பெல்ஜிய அகதிகளின் காலத்தில் இல்லாமற்போனவை இந்த இரண்டும் தனிவீடு என்ற மூன்றாவதும்தான்.

பயன் பெரிதாக இருந்தது. 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடா ஏற்ற இந்தோசீன அகதிகள் 60,000 பேருக்குச் சற்று அதிகம். இவர்களில் 32,000க்கு மேற்பட்டோர் இவ்விதம் குடிமக்கள் குழுக்களின் பொறுப்பில் வந்தவர்கள். 1986இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு, நான்சன் பதக்கத்தை வழக்கம்போல் ஒரு தனிமனிதருக்கோ ஸ்தாபனத்துக்கோ தராமல், கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கியது.

அதே 1986ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான், இலங்கை யுத்தத்திலிருந்து தப்பிய 155 தமிழர்களை நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருக்கையில், மீனவர்கள் கண்டெடுத்துக் கரை சேர்த்தார்கள். அவர்களுக்காக எந்தக் குழுவும் முன்கூட்டிக் கையொப்பமிட்டிருக்கவில்லை; மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்பது வெளிப்பட்டபோது கண்டனக் குரல்களும் எழுந்தன. எனினும் தங்கியிருந்து வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. டொராண்டோவிலும் மான்ட்ரியாலிலும் தங்களுக்கு முன்னரே வந்திருந்த தமிழர்களிடம் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பெயர்ந்துவந்த குடும்பத்துக்கு மிகவும் பயனுள்ள அயலார், சற்று முன்னால் பெயர்ந்துவந்த குடும்பமே என்பதற்கு இது ஒரு சாட்சி.

உபகாரத்தின் குறைகள்

இவ்வளவு சிலாக்கியமான முறையிலும் குற்றங்கள் உண்டு. அவற்றை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகாகாது. முதலாவது, அரசாங்கம் தன் பாரத்தை ஜனங்களின் தோளுக்கு மாற்றிவிடும் ஆசை. 1979 டிசம்பரில், பொறுப்பேற்க முன்வந்தவர்கள் எதிர்பார்த்ததற்கு மேல் பெருகிவிட்டதைக் கண்ட அரசாங்கம், ஒன்றுக்கு ஒன்று என்ற தன் வாக்கைத் தளர்த்தி, எஞ்சிய இடங்களையும் குடிமக்களே நிரப்பட்டும் என்று ஒதுங்க முயன்றது. தங்கள் உழைப்பால் கூடுதலாக ஒரு குடும்பம் காப்பாற்றப்படுகிறது என்று நம்பிக் கையொப்பமிட்டவர்கள், தாங்கள் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த லிபரல் அரசாங்கம் மேலும் 10,000 இடங்களைச் சேர்த்தது. குடிமக்களின் உதவி அரசின் கடமைக்கு மேலதிகமாக இருக்க வேண்டுமேயன்றி, அதற்குப் பிரதியாக ஆகிவிடக்கூடாது என்ற தத்துவம் இந்தச் சச்சரவில் நன்கு தெளிவுபட்டது.

இரண்டாவது குறை நுட்பமானது. மார்ட்டன் பைசர் என்ற மனநோய் வைத்திய நிபுணர், வான்கூவர் பகுதியில் குடியேறிய தென்கிழக்காசிய அகதிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து ஆராய்ந்தார். குடிமக்கள் குழுக்களின் பொறுப்பில் வந்தவர்கள், அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தவர்களைவிடக் காலப்போக்கில் நன்றாக நிலைபெற்றார்கள் என்று அவர் கண்டார். ஆனால் தங்கள் மதத்துக்கு வேறான மதச் சபையின் ஆதரவில் வந்தவர்களிடத்தில், ஆரம்ப ஆண்டுகளில், மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்கு வர வேண்டும் என்று யாரும் வாயால் கட்டளையிட்டிருக்க வேண்டியதில்லை. வீட்டு வாடகையைக் கொடுப்பவர் அன்போடு அழைக்கும்போது, ஒரு பௌத்தக் குடும்பம் எந்த மொழியில் மறுப்பைச் சொல்லும்? உதவி செய்பவர் தம் நம்பிக்கையையும் ருசியையும் வாழ்க்கை முறையையும் உதவியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தால், அது பெறுபவரின் ஆத்ம கௌரவத்தின் மேல் விழும் அடியாகிறது.

மூன்றாவது, பிரிவைத் தாங்கும் மனப்பக்குவம். சிறு ஊர்களில் குடியமர்த்தப்பட்ட பல குடும்பங்கள், ஓராண்டு முடிந்தபின், சில வேளை அதற்கு முன்பே, தங்கள் மொழியினர் வாழ்ந்த டொராண்டோ, மான்ட்ரியால், வான்கூவர் போன்ற நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நாற்காலியும் படுக்கையும் தேடிச் சேர்த்த குழுவினர் சிலர் இதனால் மனம் வருந்தினார்கள். அவர்களுடைய வருத்தம் இயல்பானதே. ஆயினும், எங்கே வாழ்வது என்பதை யுத்தம் அபகரித்துக்கொண்ட ஒரு குடும்பம், அதைத் தானே தீர்மானிக்கத் தொடங்கிய நாள் அந்தக் குழுவின் வெற்றி நாள் என்றே கணக்கிடப்பட வேண்டும்.

மீண்டும் விருந்தினர் அறை

2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யா உக்ரைன்மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. ராணுவச் சட்டத்தின்படி 18 முதல் 60 வயது வரையுள்ள ஆடவர்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டை விட்டு வெளியேறத் தடை இருந்தபடியால், எல்லை கடந்தவை பெரும்பாலும் பிளந்த குடும்பங்கள்: தாய், குழந்தைகள், பாட்டி. ஐரோப்பிய ஒன்றியம், 2001இல் இயற்றி அதுவரை ஒருமுறையேனும் பயன்படுத்தாத தாற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை மார்ச் 4ஆம் தேதி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தனித்தனியே வழக்காடித் தஞ்சம் பெற வேண்டிய அவசியமின்றி, தங்கும் உரிமையும் வேலை செய்யும் உரிமையும் பள்ளி, மருத்துவ வசதிகளும் அவர்களுக்கு உடனே கிடைத்தன. 40 லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தச் சட்டத்தின் நிழலில் தங்கினார்கள். சட்டம் முந்திக்கொண்டால் தயை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பிரிட்டனோ தன் பழைய மார்க்கத்துக்கே திரும்பியது. மார்ச் மாதம் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, தம் வீட்டிலோ தமக்குச் சொந்தமான வேறிடத்திலோ ஓர் உக்ரைனியக் குடும்பத்தைக் குறைந்தது ஆறு மாதம் தங்கவைப்பவருக்கு அரசாங்கம் மாதம் 350 பவுன் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்விதம் வந்து சேர்ந்தது அற்பமான சாதனையல்ல. எனினும், ஆறு மாதத்துக்குப் பின் என்ன என்ற கேள்விக்குத் திட்டத்தில் தெளிவான விடையில்லை. முன்பணமும் ஜாமீனும் கேட்கும் வாடகைச் சந்தையில், பகுதி நேர வேலை செய்யும் ஒரு தாய் தனிவீடு பிடிப்பது துர்லபமாயிற்று. வீடற்றவர்களாக உள்ளூராட்சி மன்றங்களை அண்டிய குடும்பங்கள் பெருகின. 1914இன் அனுபவம் வேறொரு நூற்றாண்டில் மீண்டும் தலைகாட்டியது: அறையைக் கொடுக்க ஆட்கள் கிடைத்தார்கள், அறையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் பாதையை அமைக்க யாரும் பொறுப்பேற்கவில்லை.

செய்யத்தக்கது

இவற்றிலிருந்து பெறப்படும் விதிகள் சிலவே. ஆனால் அவை அனுபவத்தின் விலை கொடுத்துப் பெற்றவை. உதவியைத் தனியாக ஏற்காமல் ஒரு குழுவாக ஏற்க வேண்டும். முதல் நாளிலேயே அதன் கால எல்லையையும் பணக் கணக்கையும் இரு தரப்பாரும் அறியச் செய்ய வேண்டும். கூடியவரையில் தனிவீட்டின் சாவியை முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டும். அரசு தன் பங்கைக் குறைத்துக்கொள்ளாதபடி கண்காணிக்க வேண்டும். மதத்தையும் நன்றியையும் விலையாகக் கேட்கக்கூடாது. பிளந்த குடும்பத்தின் மறுபாதியை வரவழைப்பதை முதல் வேலைகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும். 2015இல் சிரியாவின் அகதிகளுக்காக டொராண்டோவில் ‘லைஃப்லைன் சிரியா’ என்ற இயக்கம் பழைய பெயரையே தாங்கிப் புறப்பட்டபோது, முன்பு படகில் வந்த வியட்நாமியர் பலர் பொறுப்பேற்புக் குழுக்களில் கையொப்பமிட்டார்கள். சரியாகச் செய்த உதவி ஒரு தலைமுறைக்குள் உதவி செய்யும் கைகளை உண்டாக்கிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் நிரூபிக்க முடியாது.

நமக்கும் இந்த ஆராய்ச்சி அந்நியமானதல்ல. 1983 முதல் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களைத் தமிழ்நாடு ஏற்றது. அரிசியும் உதவித்தொகையும் பள்ளிக் கல்வியும் கொடுத்தது. அதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் 50,000க்கு மேற்பட்டோர் முகாம்களில் வாழ்கிறார்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணந்து, தம் குழந்தைகளையும் முகாமிலிருந்தே பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் அவர்களில் பலர். கனடாவில் ஐந்து அந்நியர்கள் கையொப்பமிட்டு ஓராண்டில் முடிக்க முற்பட்ட காரியத்தை, ஒரே மொழி பேசும் கோடிக்கணக்கான உறவினர் சூழ்ந்திருந்தும் நாம் முடிக்காமல் இருக்கிறோம். நம்மிடம் குறைந்தது அன்பன்று. முடிவு நாள் ஒன்றைக் குறித்து, அந்நாளில் குடியுரிமை என்ற சாவியை அவர்கள் கையில் கொடுக்கும் சட்டமே குறைவு. அந்தச் சட்டத்தைக் கோருவது, யுத்தத்தால் பெயர்ந்த குடும்பத்துக்கு இன்று தமிழ்நாட்டில் செய்யக்கூடிய உதவிகளில் தலையாயது.